கண், கை, கணக்கு

மாதிரி மட்டையை வாங்கிப் போக வண்டி வருவதற்கு இன்னும் நாற்பத்தோரு மணி நேரம் இருந்தது. அதற்குள் இரண்டு மட்டைகளில் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தாக வேண்டும். இரண்டையும் வரைந்தவள் சின்னவள்தான். எது போகும் என்று சொல்லும் அதிகாரம்தான் அவளிடம் இல்லை.

கோல்ஃபில் பந்து குழிக்குக் கிட்டத்தில் வந்தபின் அதை மெல்ல உருட்டிவிடத் தனியாக ஒரு மட்டை உண்டு. பட்டர் என்பார்கள். சிலவற்றின் தலை கத்தி போல மெலிந்திருக்கும், சிலவற்றின் தலை கொட்டாப்புளி மரச்சுத்தி போலப் பருத்திருக்கும். பட்டறை இப்போது செய்திருந்தது இரண்டுக்கும் நடுவாந்தரம். பெட்டியின் மேல் மிட்-மேலட் என்று அச்சடித்திருந்தாலும், பட்டறைக்குள் எல்லோரும் அதை நடுப்பிள்ளை என்றே சொன்னார்கள்.

இரண்டு நடுப்பிள்ளைகளுக்கும் ஒரே தலை, ஒரே எடை, ஒரே மங்கிய கருப்பு. பந்தைத் தொடும் முகம் மட்டும் வேறு. ஒன்றுக்கு வெறும் உலோக முகம். பந்தைத் தட்டினால் ‘டிக்’ என்று கேட்கும். இன்னொன்றின் முகத்தில் அவள் பள்ளம் எடுத்து மெத்தென்ற ஒரு வில்லையைப் பதித்திருந்தாள். அது சத்தமே போடாது.

புது மட்டை எது வந்தாலும் அதற்கு அங்கே மூன்று சோதனை. பார்க்க எப்படி, பிடித்து அடிக்க எப்படி, பந்து ஓடுவது எப்படி. மெருகு போடுகிறவர் இதைச் சுருக்கி ‘கண், கை, கணக்கு’ என்று வைத்திருந்தார். கண் எல்லோருக்கும் பொது. கணக்கு சின்னவளுடையது, பட்டறையில் இயற்பியல் படித்தவள் அவள் ஒருத்திதான், அதனால் அவளுக்குப் பெயரே டிகிரி. கை மட்டும் ஒரே ஒருவருடையது. அவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். மைதானத்தில் கோல்ஃப் சொல்லிக்கொடுப்பவர், அதனால் பட்டறைக்கு அவர் மாஸ்டர். அவர் நாலு பந்தை உருட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினால் முதலாளிக்கு அது வேதவாக்கு. அக்கா பட்டறையின் மேனேஜர். தங்கையை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். மூவரும் இருப்பது ஒரே வீட்டில்.

போன வருஷ மாடலும் இந்த மூன்றையும் தாண்டித்தான் கடைக்குப் போயிற்று. அதுவும் உலோக முகம். “பஞ்சு மாதிரி இருக்கு” என்றார் அத்தான். போன வேகத்தில் திரும்பி வந்தது. பந்து நடுவில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலே கை கூசுகிறது, முழங்கை வரை ஏறுகிறது என்று வாங்கினவர்கள் சொன்னார்கள். மாஸ்டர் கையில் தேறிய மட்டை எப்படிக் கூசும் என்று முதலாளி கேட்டார். தலையையும் தண்டையும் ஒட்டிய பசை சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்று அக்கா சொன்னாள். பசை போட்டவள் சின்னவள்.

அவளைப் பெட்டி கட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். மழைக்காலம் முழுவதும் அங்கே உட்கார்ந்து டேப் ஒட்டினாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. தப்பு செய்தவள் ஒட்டத்தானே வேண்டும். அவள் அதை அப்படியே நம்பினாள். இன்றைக்கும் பசை கலக்கும்போது ஒன்றுக்கு இரண்டு தரம் எடை போடுகிறாள். கலந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடுகிறது: தண்டின் உட்புறத்தைத் துடைத்தேனா?

அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டபோது முதலாளி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“இன்னொரு தடவை சரக்கு திரும்பி வந்துச்சுன்னா நீ வரவே வேணாம்மா. நானும் கூப்பிட மாட்டேன், நீயும் கோவிச்சுக்காத.”

கண் சோதனை அன்று மாலையே நடந்தது. உருட்டறை என்று அவர்கள் சொல்லும் நீளமான அறையில் பச்சைக் கம்பளம் விரித்திருக்கும், கோடியில் ஒரு குழி. ஒவ்வொருவரும் வந்து மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்துக் குழியைக் குறி பார்க்க வேண்டும். மட்டையின் முகத்தில் அவள் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தாள். எதிரிலிருந்து வரும் ஒளி அதில் பட்டுத் திரும்பிச் சுவரில் புள்ளியாக விழும். ஆள் எங்கே பார்ப்பதாக நினைக்கிறார், மட்டை உண்மையில் எங்கே பார்க்கிறது என்பதை அந்தப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும்.

மெருகுக்காரர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார்.

“கண்ணாடி முன்னாடி நின்னு என் மூஞ்சியக்கூட நான் இவ்ளோ நேரம் பாத்ததில்ல, டிகிரி.”

“நேரா வச்சிட்டீங்களா?”

“வச்சிட்டேன். இதுக்கு மேல நேரா வைக்கணும்னா நீ குழியத்தான் நகத்தணும்.”

புள்ளி சுவரில் குழிக்கு நேரான இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது. அவருக்கு அதுவே சாதனை. பழைய மாடலில் அவர் குறி பக்கத்து அறைக்கே போயிருக்கும். தலையின் முதுகில் அவள் இழுத்திருந்த வெள்ளைக் கோடு வேலை செய்தது. மங்கிய கருப்பில் விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தவும் இல்லை. கண் தேறியது.

மறுநாள் காலை கணக்கு. குழந்தைகள் ஊஞ்சலின் இரும்புச் சட்டம் ஒன்றை வாங்கி, அதில் மட்டையைத் தொங்கவிட்டு, ஒரே உயரத்திலிருந்து ஒரே வேகத்தில் வந்து தட்டும்படி அவளே ஒரு பொறி செய்திருந்தாள். நடுவில் தட்டவிட்டாள். பிறகு பந்தை நகர்த்தி வைத்து இரண்டு ஓரங்களிலும் தட்டவிட்டாள். நடுவில் பட்டபோது இரண்டும் ஒன்றுபோலவே ஓடின. ஓரத்தில் பட்டபோது உலோக முகம் பந்தைப் பாதி வழியிலேயே விட்டுவிட்டது. மெத்தை முகம் அப்போதும் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வில்லையை நடுவில் தடிமனாகவும் ஓரங்களில் மெலிதாகவும் சீவியிருந்தாள், அதன் பலன். யாரும் இல்லாத அறையில் அவள் பந்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மத்தியானம் அத்தான் வந்தார். வெயிலில் கறுத்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. முதலில் பக்கத்து அறைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

“அந்த மெருகு மெஷினக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு குட்டி. அந்தச் சத்தத்துல கை சரியா வராது.”

மெஷின் நின்றது. “டீ குடிக்கக் காரணம் தேடிட்டிருந்தேன், மாஸ்டர் புண்ணியம்” என்று சொல்லிக்கொண்டே மெருகுக்காரர் வெளியே போனார்.

உலோக முகத்தில் அடித்தார். டிக். “இதுதான். பஞ்சு.” மெத்தை முகத்தில் அடித்தார். சத்தமில்லை. உதட்டைப் பிதுக்கினார். “இது செத்த மட்டை. கையில ஒண்ணுமே வந்து சேரல.”

அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. கையில் உணர்வதாக மனிதர்கள் நினைப்பதில் பாதி காதில் விழுவதுதான் என்று அவள் படித்திருந்தாள். சத்தம் போடாத மட்டையைக் கை செத்தது என்கிறது. காதை அடைத்துவிட்டால் கை தனியாகப் பேசும். பேசினால் மெத்தை முகத்தின் பக்கம்தான் பேசும். இதை அவள் நேற்றே யோசித்து வைத்திருந்தாள். மெருகுக்காரரின் காதுமூடியை ஆணியிலிருந்து எடுத்து வந்தாள்.

“அத்தான், இத மாட்டிக்கிட்டு ஒரு தடவ அடிக்கிறீங்களா?”

“என்னது இது, ஹெலிகாப்டர் ஓட்டப் போறமா?”

“காது இல்லாம கை மட்டும் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்.”

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“சரி சரி. எந்த மட்டைக்கு நான் என்ன சொன்னேன்னு நீயே பாத்து எழுதிக்கோ. உன்கிட்ட எனக்கு என்ன பயம்?”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

சோதனை என்றால் அதில் விடை தெரிந்த கேள்வி ஒன்றும் இருக்க வேண்டும். அது தப்பினால் சோதனையே தப்பு என்று அர்த்தம். அதற்காகத் திரும்பி வந்த சரக்கிலிருந்து போன வருஷ மட்டை ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். மூன்றின் தலையையும் மேலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியாதபடி துணி ஒட்டி மறைத்தாள். ஓரத்தில் அடிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தாள்.

மெத்தை முகத்துக்கு, “ம், பரவால்ல” என்றார்.

உலோக முகத்துக்கும் “பரவால்ல” தான்.

மூன்றாவது பழைய மட்டை. பந்து ஓரத்தில் பட்டதும் தண்டு பிடி வரைக்கும் நடுங்கியது அவள் கண்ணுக்கே தெரிந்தது. அத்தான் அதைப் பிடித்தபடி நின்றார். கை உதறவில்லை. முகம் சுளிக்கவில்லை. காது அடைத்தவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

“இதுதான் டாப்! பஞ்சு மாதிரி இருக்கு!”

அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் காதுமூடியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் போனபின் அந்த மட்டையால் அவளே அடித்துப் பார்த்தாள். ஓரத்தில் பட்டது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அத்தான் கொதிக்கிற டம்ளரை வெறும் கையால் எடுப்பார். ‘மைதானத்துக் கை, சுடாது’ என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியை ஆரம்பித்தது அக்கா என்பது இப்போது அவள் நினைவுக்கு வந்தது.

எழுந்து, பழைய மட்டையின் தலையைச் சூடுகாட்டிக் கழற்றினாள். உள்ளே இருந்த பழைய பசையைச் சுரண்டிப் பார்த்தாள். கல் மாதிரி காய்ந்திருந்தது. ஒரு மூலையில்கூட ஈரமோ பிசுபிசுப்போ இல்லை. எல்லாவற்றையும் துடைத்துப் புதுப் பசை போட்டு ஒட்டிக் காயவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு மாலை வகுப்பு, வர நேரமாகும். சின்னவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

“அக்கா, அத்தானுக்குப் பழைய மட்டை தெரியல. காதை மூடிக்கிட்டு அடிச்சாரு. நல்லாருக்குன்னு சொல்றாரு.”

அக்காவின் கை துண்டின் மேல் அப்படியே நின்றது.

“யாரு பாத்தா?”

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அத்தானுக்கு என்ன என்று பதறவில்லை. யார் பார்த்தது என்றுதான் கேட்டாள்.

“நான் மட்டும்தான்.”

“மெருகுக்காரர்?”

“டீ குடிக்கப் போயிருந்தாரு.”

அக்கா துண்டை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

“கழுத்துல நரம்பு அழுத்துதாம். விரல்ல உணர்ச்சி கொறைஞ்சிருக்கு. இத ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா? கோச்சுக்குக் கை போச்சுன்னு தெரிஞ்சா எவன் வந்து கத்துக்குவான்?”

“எப்பலருந்துக்கா?”

“கொஞ்ச நாளாத்தான்.”

“கொஞ்ச நாள்னா?”

“நீ என்ன போலீசா? கொஞ்ச நாள்னா கொஞ்ச நாள்தான்டி.” குரல் சட்டென்று இறங்கியது. “இங்க வந்து உக்காரு. நாளைக்கு அந்த மெட்டல் மூஞ்சியே போகட்டும். அவரு வாயால சொன்னது சொன்னதா இருக்கட்டும். உன் கணக்க மட்டும் கொஞ்சம் கிட்டக் கிட்டக் கொண்டு வந்துடு. யாருக்குத் தெரியப் போகுது?”

“அது திரும்பி வரும்க்கா.”

“வந்தாப் பாத்துக்கலாம்.”

“வந்தா என்னத்தான் அனுப்புவாரு.”

“உனக்கு வயசிருக்கு, படிப்பிருக்கு. எங்க போனாலும் சேத்துக்குவாங்க. அவருக்கு என்ன இருக்கு? சொல்லு, என்ன இருக்கு?”

அக்கா அழுதால் சின்னவளுக்குத் தாங்காது; அது அக்காவுக்கும் தெரியும். மடித்த துணியில் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னவள் உள்ளே போனாள்.

படுத்தபின் அந்தக் ‘கொஞ்ச நாளை’ அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி வைத்துப் பார்த்தாள். போன வருஷ மட்டை திரும்பி வந்ததற்குப் பிறகு கை போனது என்றால், அக்கா பயந்துபோன ஒரு மனைவி, அவ்வளவுதான். பசை என்று அன்று அவள் சொன்னது தெரியாமல் சொன்னதாகிவிடும். அதற்கு முன்னாலேயே போயிருந்தால்? அந்தப் பக்கம் அவள் நினைப்பு போகவில்லை. போகவிடவில்லை. பிறகுதான், பிறகாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சொல்லித் தன்னைத் தூங்கவைத்தாள்.

வண்டி வரும் நாள் காலையில் முதலாளி நேராக உருட்டறைக்கு வந்தார். அக்கா, அத்தான், சின்னவள் மூவரும் நின்றார்கள். மெருகுக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

“கண்ணு?”

“தேறிடுச்சு சார்” என்றாள் அக்கா.

“கணக்கு?”

நாலு பேர் முன்னால் பேசுவது என்றாலே சின்னவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். “மெத்தை முகம்தான் சார். ஓரத்துல பட்டாக்கூடப் பந்து போய்ச் சேருது. மெட்டல் பாதியிலயே நின்னுடுது.” எண்களில் ஒன்றைக்கூட அவள் மாற்றவில்லை.

“மாஸ்டர், கை?”

“மெட்டல்தான் முதலாளி. சந்தேகமே வேணாம்.”

முதலாளி இரண்டு மட்டைகளையும் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். “ஏம்மா டிகிரி, உன் ஊஞ்சலா கடைக்கு வந்து மட்டை வாங்கப் போகுது? மனுஷன் கைதானே வாங்குது?”

கதவருகே மெருகுக்காரர் சிரித்தார். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘இன்னொருத்தர் கையிலயும் கொடுத்துப் பாக்கலாமே சார்’ என்றால் போதும். அத்தான் விஷயம் வெளியே வராது, சரியான மட்டை பெட்டிக்குள் போகும், எல்லோரும் சாயங்காலம் ஒரே வீட்டுக்குத் திரும்பலாம். அதைச் சொல் என்று கண்ணாலேயே கேட்டாள்.

அக்கா முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்: “அவ வேலையில எப்பவுமே கொஞ்சம் அவசரம் இருக்கும் சார். போன தடவ பசை மாதிரிதான்.”

அறையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கையை அக்கா கடிந்துகொள்கிறாள், வழக்கம்தானே. சின்னவளுக்கு மட்டும் காது அடைத்தது. அவள் சுவரோரம் போய்ப் பழைய மட்டையை எடுத்து வந்து முதலாளியிடம் நீட்டினாள்.

“சார், இத ஒரு தடவ அடிச்சுப் பாருங்க. இந்த ஓரத்துல.”

“இது எதுக்கு இப்ப?”

“ஒரே ஒரு தடவ.”

முதலாளி அடித்தார். “அடச்சே!” மட்டை கம்பளத்தில் விழுந்தது. கையை உதறிக்கொண்டே கத்தினார். “என்னம்மா இது, உள்ள கரண்ட் கிரண்ட் வச்சிருக்கியா?”

“போன வருஷ மாடல் சார். நேத்து நானே பிரிச்சுப் பாத்தேன். பழைய பசை நல்லாத்தான் காஞ்சிருந்துச்சு. அத எடுத்துட்டுப் புதுசாப் போட்டிருக்கேன். அப்பவும் இப்படித்தான் கூசுது. நேத்து அத்தான் காதை மூடிக்கிட்டு இத அடிச்சாரு. பஞ்சு மாதிரி இருக்குன்னு சொன்னாரு.”

மெருகுக்காரர் சாய்ந்திருந்த கதவிலிருந்து நிமிர்ந்தார்.

“ஏய், வாய மூடு” என்றாள் அக்கா. உதடு அசையாமல் சொன்னாள்.

முதலாளி உள்ளங்கையைத் தேய்த்தபடி திரும்பினார். “மாஸ்டர்? என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?”

அத்தான் முதலாளியைப் பார்க்கவில்லை. சின்னவளையே பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. நம்பிப் பிடித்திருந்த கை நடுப்படியில் உதறிவிட்டது போன்ற முகம். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்க அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

“எப்பலருந்து அத்தான்?”

“எல்லாம் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்” என்று அக்கா பாய்ந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். “வாங்க. வாங்கன்னு சொல்றேன்ல.”

அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

“நீயா குட்டி இதக் கேக்கற?” என்றார். “போன மாடல் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரே. அன்னிக்கே உன்கிட்டயும் எல்லாத்தயும் சொல்லிட்டேன்னு உங்க அக்கா சொன்னா. மட்டை திரும்பி வந்தப்ப, ‘பசைன்னு சொல்லிடுக்கா, பழிய நான் ஏத்துக்கறேன், அத்தான் மட்டும் இதப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த பேசவே கூடாது’ன்னு நீ சொன்னதா இவதான் வந்து சொன்னா.”